ஹாபிட் வீடு இல்லை... இது தோடர் வீடு!

ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல் பக்கத்தில் ஒரு சிறிய குடியிருப்பு இருக்கிறது. பூங்காவைச் சுற்றிக் களைத்தவர்களில் சிலர் அங்கேயும் ஏறிப் போகிறார்கள். பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது மாதிரி வளைந்த கூரை, குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குச் சின்ன வாசல். பார்த்ததும் பலருடைய வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான்: "ஹாபிட் வீடு!"

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பார்த்த தலைமுறைக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மலைச் சரிவில் வட்ட வாசல் வைத்த வீடுகளில், தங்களுக்கென்று பழக்கவழக்கங்களோடு, வெளியுலகச் சண்டை எதிலும் தலையிடாமல் வாழும் குட்டி மனிதர்கள்தான் ஹாபிட்கள். அந்தக் கதைகளை எழுதிய டோல்கியன் நீலகிரிக் காடுகளைப் பார்த்துத்தான் கற்பனை செய்தார் என்று ஒரு வதந்தியும் ஊட்டிப் பக்கம் வெகுநாளாக உலவுகிறது. டோல்கியன் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், வளர்ந்தது இங்கிலாந்தில். அவர் நீலகிரிக்கு வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. 'தி ஹாபிட்' வெளியான ஆண்டு 1937. இந்தப் பீப்பாய் வீடுகளைப் பற்றிய பதிவுகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கின்றன.

இங்கே வாழ்பவர்கள் தோடர்கள். கற்பனை உலகின் மக்கள் அல்ல. குட்டி மனிதர்களும் அல்ல. தோடர்களைப் பார்த்து எழுதிய வெள்ளைக்காரர்கள் பலரும் முதலில் குறிப்பிட்டதே அவர்களுடைய உயரத்தைத்தான். சிறியது எண்ணிக்கை மட்டும்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தோடர்கள் சுமார் 2 ஆயிரம் பேர். ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தின் மாணவர்கள் அளவே உள்ள ஓர் இனம்!

வந்தவர்கள் எல்லோரும் கொண்டுவந்த கதை

தோடர்களை வேறொரு கதைக்குள் வைத்துப் பார்ப்பது இன்று தொடங்கிய பழக்கம் இல்லை. அதற்கு 400 ஆண்டு வரலாறு உண்டு.

1603-ஆம் ஆண்டு, கேரளக் கரையிலிருந்து ஃபெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மலையேறி வந்தார். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களைத் தேடி வந்த பயணம் அது. அவர் கண்டது எருமை மேய்க்கும் தோடர்களை. தோடர்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். போர்த்தியிருக்கும் சால்வையைப் பார்த்து 'ரோமானியர்களின் வாரிசுகள்' என்றார்கள். தாடியைப் பார்த்து 'தொலைந்துபோன யூத இனம்' என்றார்கள். எருமை வழிபாட்டைப் பார்த்து 'சுமேரியாவிலிருந்து வந்தவர்கள்' என்று சொன்னவரும் உண்டு.

தோடர்களின் மொழி இந்தக் கதைகளுக்கு இடம் தரவில்லை. தோட மொழி, தமிழ், மலையாளம், கன்னடம் போல ஒரு திராவிட மொழி. தமிழுக்குச் சொந்தக்கார மொழிதான். ஆனால், தமிழர் யாருக்கும் கேட்ட உடனே புரியாது. காற்று உரசிக்கொண்டு வருகிற ஒலிகள் அதில் ஏராளம். நாக்கு அதிர்கிற 'ர' ஒலியே மூன்று விதமாக இருக்கிறது. உலக மொழிகளின் ஒலிகளை ஆராய்பவர்கள் தோட மொழியைத் தேடி வருவதற்கு இதுவே காரணம். எழுத்து கிடையாது. மொத்த மொழியும் 2 ஆயிரம் பேரின் நாவில்தான் இருக்கிறது.

எழுத்தில் அவர்களைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு எது தெரியுமா? ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதாகப் பெருமை பேசும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதாவது, 900 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இந்த மலையின் மக்களாக வெளியில் அறியப்பட்டிருந்தார்கள்.

மந்து என்றால் என்ன?

தோடர் குடியிருப்புக்குப் பெயர் மந்து. நீலகிரியின் மேட்டுப் பகுதியில் 60-க்கும் மேற்பட்ட மந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில வீடுகள், எருமைப் பட்டி, பக்கத்தில் ஓடை, ஒரு சோலைக்காடு. உதகமண்டலம் என்ற பெயரே 'ஒத்தைக்கல் மந்து' என்பதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஊட்டி என்று நாம் சுருக்கிச் சொல்லும் பெயருக்குள்ளேயே ஒரு தோடர் குடியிருப்பு இருக்கிறது என்று பொருள்.

பழைய முறை வீடு ஏறக்குறைய 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். ஆணி கிடையாது. முன்சுவர் பலகை அல்லது கல். வாசல் 3 அடிதான். நீலகிரியின் உறைபனி, ஆடி மாதக் காற்று, இரவில் வரும் காட்டு விலங்கு ஆகியவற்றை யோசித்தால் அந்தச் சின்ன வாசலின் புத்திசாலித்தனம் புரியும். அதை அடைத்துவிட்டால் உள்ளே எரியும் அடுப்பின் சூடு வெளியே போகாது.

இப்போது பெரும்பாலான குடும்பங்கள் வசிப்பது சிமென்ட் வீடுகளில்தான். பீப்பாய் வீடு கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்த சமயத்தில், 1995 முதல் 2005 வரையிலான பத்தாண்டுகளில் பழைய முறையில் சுமார் 40 வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. பல கோயில்களும் புதுப்பிக்கப்பட்டன. அழியவிருந்த ஒரு கைவேலை ஒரு தலைமுறை தள்ளிப்போனது அப்படித்தான்.

வாலைப் பிடித்து வந்த முதல் மனிதன்

தோடர்களின் உலகம் எருமையிலிருந்து தொடங்குகிறது. இது வெறும் உவமை இல்லை. அவர்களுடைய படைப்புக் கதையே அப்படித்தான். ஓன் என்ற தெய்வம் குந்தா மலைமேல் நின்று, பூமிக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே வரச்செய்ததாம். கடைசி எருமை வந்தபோது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வெளியே வந்தான். அவன்தான் முதல் தோடன்.

மனிதனுக்காக எருமை படைக்கப்பட்டது என்று அந்தக் கதை சொல்லவில்லை. எருமை முதலில் வந்தது. மனிதன் அதன் வாலைப் பிடித்துப் பின்னால் வந்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் தோடர் வாழ்க்கையில் பல விஷயங்கள் விளங்கும்.

அவர்கள் பாரம்பரியமாகச் சைவ உணவுக்காரர்கள். பால், மோர், வெண்ணெய், நெய், அரிசிதான் அடிப்படை உணவு. எருமைகளிலும் வீட்டு எருமை வேறு, கோயில் எருமை வேறு. எருமைகளுக்குத் தனித்தனியே பெயர் உண்டு. தோடா எருமை என்பது தனி இனம். நீண்டு, அகன்று, பிறை போல வளையும் கொம்பு. சமவெளி எருமை போல இது எதற்கும் அசையாமல் நிற்காது. அந்நியர் பக்கத்தில் போனால் முட்ட வந்துவிடும். 'போட்டோ எடுக்கலாம்' என்று கிட்டப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கோயில் என்று அவர்கள் சொல்வதும் நாம் நினைக்கிற கோயில் இல்லை. அது பால் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் எடுக்கும் இடம். பூசாரி என்பவர் பால்காரர். தயிர் கடைவதே பூஜை. உள்ளே பூசாரி மட்டும்தான் போகலாம். அவருக்குக் கட்டுப்பாடுகள் கடுமையானவை. கோயிலின் படிநிலை உயர உயர, பூசாரி இருக்க வேண்டிய விரதமும் கூடும். மிக உயர்ந்த நிலைக் கோயில்கள் பலவற்றில் இப்போது பூசாரியே இல்லை. அத்தனை நியமங்களோடு, குடும்பத்தைப் பிரிந்து, எருமைகளோடு தனியாக இருக்க ஆள் கிடைப்பது சிரமம்.

சில கோயில்கள் வீடு போலவே பீப்பாய் வடிவம். மிகச் சில மட்டும் கூம்பு வடிவம். ஊட்டியை ஒட்டிய முத்தநாடு மந்தில் உள்ள கூம்புக் கோயில் அப்படிப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ நடக்கும் மொற்பர்த் பண்டிகைக்கு எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் இங்கே கூடுகிறார்கள். வழிபாடு முடிந்ததும் கைகோத்து ஆட்டம். பிறகு இளைஞர்கள் வழவழப்பான கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிற போட்டி. நம்மூர் இளவட்டக்கல்லை நினைவுபடுத்தும் காட்சி.

எருமைகளுக்கென்றே ஒரு பண்டிகையும் உண்டு. அதுதான் உப்பு சாஸ்திரம். மண்ணில் குழி வெட்டி, ஓடை நீர் ஊற்றி, உப்பைக் கரைத்து, எருமைகளைக் குடிக்க வைப்பார்கள். பூசைக்குப் பூசை. கால்நடைக்குத் தேவையான தாது உப்புக்கும் ஏற்பாடு.

ஒரு வில், ஒரு அம்பு, ஒரு விளக்கு

திருமணமும் அவர்கள் வழியில் தனி. தாலி கிடையாது. மனைவி கருவுற்று ஏழாவது மாதம் நடக்கும் வில் அம்பு சாஸ்திரம்தான் முக்கியம். காட்டுக்குள் ஒரு மரத்தின் அடியில், தண்டில் மாடம் போலச் செதுக்கி அதில் விளக்கு ஏற்றுவார்கள். கணவன் காட்டுச் செடியின் குச்சியாலும் புல்லாலும் ஒரு சின்ன வில்லும் அம்பும் செய்து மனைவியிடம் கொடுப்பார். அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, விளக்கு அணையும் வரை அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் இவர்தான் என்று ஊரறியச் சொல்வது அந்த வில்தான்.

முற்காலத்தில் சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் தோடர்களிடம் இருந்தது. அப்போது குழந்தையின் தகப்பன் யார் என்பதைத் தீர்மானித்ததும் இந்தச் சடங்குதான். வெளியிலிருந்து எழுதியவர்கள் இந்த ஒரு விஷயத்தையே நூறு வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்த வழக்கம் மறைந்துவிட்டது. வில் அம்பு மட்டும் இருக்கிறது.

பெரியவர்களை வணங்கும் முறையும் வித்தியாசமானது. சிறியவர் குனிந்து தலையைத் தாழ்த்த, பெரியவர் தன் பாதத்தைத் தூக்கி அவர் நெற்றியில் தொட்டு ஆசி தருவார். பார்ப்பவருக்கு முதலில் திகைப்பாக இருக்கும். காலில் விழுந்து வணங்குவது நமக்குப் புதிதா என்ன? இங்கே கால் கொஞ்சம் மேலே வருகிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் கவிஞர்கள்

தோடர்களைப் பற்றி முறையான ஆய்வு செய்தவர் ரிவர்ஸ். அடிப்படையில் டாக்டர். 1901-02-ல் நீலகிரியில் சில மாதங்கள் தங்கி, வீடு வீடாகக் குடும்ப வரலாறு கேட்டுக் குறித்துக்கொண்டார். 700 பக்கங்களைத் தாண்டிய 'தி தோடாஸ்' என்ற அவருடைய நூல் 1906-ல் வந்தது. அன்றைக்குத் தோடர்கள் மொத்தமே சுமார் 800 பேர். இன்றும் உலகமெங்கும் மானுடவியல் படிப்பவர்கள் அந்த நூலைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

1930-களில் வந்தவர் எமனோ. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை பர்ரோவுடன் சேர்ந்து தொகுத்தவரும் இவரே. தோடர்களின் பாட்டைக் கேட்டு அசந்துபோனார். அங்கே பாட்டு என்பது மனப்பாடம் செய்து பாடுவது அல்ல. கல்யாணமோ, சாவோ, எருமை தொலைந்து கிடைத்ததோ, எதுவானாலும் அந்தந்த நிகழ்ச்சிக்கு அப்போதே கட்டிப் பாடுவது. சின்னச் சின்னச் சொற்றொடர்கள். அவை எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஒன்றைச் சொன்னால் அதன் இணையும் கூடவே வர வேண்டும். இந்த ஜோடிகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், கிட்டத்தட்ட ஒவ்வொரு தோடரும் பாட்டுக் கட்டக்கூடியவர். எமனோ தொகுத்த 'தோடா சாங்ஸ்' 1971-ல் வெளியானது.

வழிபாட்டிலும் பெயர்களே முக்கியம். இன்ன மலை, இன்ன ஓடை, இன்ன கோயில், இன்ன எருமை என்று ஒவ்வொன்றுக்கும் வழக்கப் பெயர் ஒன்றும், வழிபாட்டில் சொல்லும் புனிதப் பெயர் ஒன்றும் உண்டு. பிரார்த்தனை என்பது பெரும்பாலும் அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வதுதான். அதாவது, தோடர்களின் வேதம் நீலகிரியின் வரைபடம். ஒரு புல்வெளி அணைக்கட்டில் மூழ்கினாலோ, மரத்தோட்டமானாலோ, அந்த இடத்தோடு ஒரு பெயரும் பிரார்த்தனையில் ஒரு சொல்லும் அர்த்தமிழக்கின்றன.

புல் எங்கே போனது?

இங்கேதான் விஷயம் கனமாகிறது.

நீலகிரியின் மேட்டுப் பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடுமாக இருந்தது. தோடர் எருமை மேய்த்தார்கள். கோத்தர் மண்பானையும் இரும்புச் சாமானும் செய்தார்கள், சாவுக்கு இசை வாசித்தார்கள். படகர் தானியம் விளைத்தார்கள். குறும்பர் காட்டுப் பொருளும் தேனும் தந்தார்கள். பணம் அதிகம் இல்லாத ஒரு கொடுக்கல் வாங்கல். தோடர் தந்தது நெய்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். சில ஆண்டுகளில் ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நிலம் தோடர்களுடையது என்று வாதாடிய அதிகாரியும் அவரே. ஆனால், அவர் திறந்துவிட்ட பாதையில் வந்தவர்கள் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. வெள்ளைக்காரர் கண்ணுக்குப் புல்வெளி 'சும்மா கிடக்கும் நிலம்'. விறகுக்காக 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரம் நடப்பட்டது. சீகை மரமும் வந்தது. அடுத்து காபி, தேயிலை, சின்கோனா, உருளைக்கிழங்கு. 1932-ல் பைக்காரா மின் நிலையம். விடுதலைக்குப் பிறகு குந்தா திட்ட அணைகள். தொழிற்சாலைகளுக்குக் கூழ் தருவதற்காக மேலும் மேலும் சீகைத் தோட்டங்கள்.

சீகையின் சிக்கல் என்னவென்றால், நட்ட இடத்தோடு நிற்காது. அதன் விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடந்து, தானாக முளைத்துப் புல்லை மூடிவிடும். புல் போனால் எருமைக்கு மேய்ச்சல் போகும். அதைவிட நுணுக்கமான இழப்பு ஒன்று இருக்கிறது. தோடர் கோயிலின் கூரைக்கு எல்லாப் புல்லும் ஆகாது. சதுப்பு நிலத்தில் வளரும் 'அவ்ஃபுல்' என்ற குறிப்பிட்ட புல் வேண்டும். சதுப்பு வற்றினால், அல்லது கேரட், பீட்ரூட் தோட்டமாக மாறினால், அந்தப் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் கூரை இல்லை. ஒரு கோயிலைக் காப்பாற்ற, முதலில் ஒரு சதுப்பைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

எருமைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. மேய்ச்சல் சுருக்கம் ஒரு காரணம். புலி அடித்துப் போவது இன்னொன்று. படித்த பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், மேய்க்க ஆள் இல்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? தோடர் குடும்பங்களில் இன்று விவசாயம் செய்பவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள், நர்ஸ்கள், பட்டதாரிகள் எல்லோரும் இருக்கிறார்கள். 'பழைய மாதிரியே இருங்கள், எங்களுக்குப் பார்க்க அழகாக இருக்கிறது' என்று சொல்ல வெளியாட்களுக்கு உரிமை இல்லை. அதே சமயம், எருமையே இல்லாத ஒரு தோடர் மந்து எதைச் சுற்றித் தன் பண்டிகையை நடத்தும்? இந்தக் கேள்விக்கு அவர்களேதான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மொற்பர்த்துக்கு வேலையில் லீவு போட்டுவிட்டு வந்து கல் தூக்கும் இளைஞர்கள் அந்தப் பதிலில் ஒரு பகுதி.

ஊசி காப்பாற்றும் குடும்பம்

இன்னொரு பகுதி பெண்களின் கையில் இருக்கிறது.

தோடர் சால்வைக்குப் பெயர் பூத்துக்குளி. வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமான நூல். துணியில் பென்சில் கோடு போடுவதில்லை. வட்டச் சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி போடுவார்கள். எருமைக் கொம்பு, மலை, பூ, சூரியன், சந்திரன் எல்லாம் கணக்காக வந்து உட்காரும். தள்ளி நின்று பார்ப்பவர்கள் 'தறியில் நெய்தது' என்றே நினைப்பார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் போர்த்துகிற அதே பூத்துக்குளிதான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதற்கும். இறந்த பின் போகும் 'அமுனோட்ர்' என்ற மேற்குத் திசை உலகத்தில் முன்னோர்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே!

கோயிலும் பாலும் ஆண்களின் பொறுப்பு. பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. ஆனால், பால் தந்த வருமானம் குறையக் குறைய, ஊசி தரும் வருமானம் வீட்டுக்கு முக்கியமாகிவிட்டது. வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் இடையே, வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து பெண்கள் தைக்கிறார்கள். சால்வையோடு பை, பர்ஸ், மேசை விரிப்பு, மொபைல் உறை என்று புதிய பொருட்களும் வந்துவிட்டன.

2013-ல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நல வாழ்வு சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் ஆகியவை சேர்ந்து எடுத்த முயற்சி அது. மணப்பாறை முறுக்கு, மதுரை மல்லி போல இதற்கும் சட்டப் பாதுகாப்பு. வேறு யாரும் 'தோடா எம்பிராய்டரி' என்ற பெயரில் விற்கக் கூடாது. சட்டம் இருந்தாலும், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் பலன். சிவப்பு, கறுப்புக் கோலத்தைத் துணியில் அச்சடித்து விற்றால், விலை குறைவு என்று அதையே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

வாங்கும் முன்... போகும் முன்...

ஊட்டிப் பயணம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

* துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் இழை எண்ணித் தைத்ததில் இரண்டு பக்கமும் கோலம் தெளிவாகத் தெரியும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியோ வெறுமையாகவோ இருக்கும். மெஷின் தையலில் பின்னால் நூல் முடிச்சும் வலையும் தெரியும்.

* ஒரு பெரிய சால்வை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 'இவ்வளவு விலையா?' என்று கேட்கும் முன் அந்த நாட்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தைத்தவரிடமோ, சங்கத்தின் கடையிலோ, பூம்புகாரிலோ வாங்கினால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

* மந்து என்பது கண்காட்சி இல்லை. அது ஒரு தெரு. நம் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ரீல்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும்? கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

* கோயிலைச் சுற்றியுள்ள கல் சுவரைத் தாண்டாதீர்கள்.

* எருமையிடம் தள்ளியே நில்லுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

* குழந்தைகள் 'ஹாபிட் வீடு' என்று சொன்னால் திட்ட வேண்டாம். அது நல்ல தொடக்கம். 'இந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன பெயர், அவர்கள் இதை என்னவென்று சொல்வார்கள், கேட்டுவிட்டு வா' என்று அனுப்பி வையுங்கள்.

டோல்கியன் தன் கற்பனை மக்களுக்காக மொழிகளை உருவாக்கினார், பாட்டு எழுதினார், வம்சாவளி வரைந்தார், ஒவ்வொரு குன்றுக்கும் ஆற்றுக்கும் பெயர் வைத்தார். உலகமே வியக்கிறது. அது அத்தனையும், யாரும் உட்கார்ந்து எழுதாமலேயே, நீலகிரியில் 2 ஆயிரம் பேரிடம் இருக்கிறது. டோல்கியனின் புத்தகங்களை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். மேடு சதுப்பில் வளரும் ஒரு புல்லையும், பிறை போன்ற கொம்புள்ள ஓர் எருமையையும், மூன்று விதமாக அதிரும் ஒரு 'ர'வையும் அப்படி அச்சடிக்க முடியாது.